ஊரறியச் செய்ததும் உலகறியச் செய்வதும்

நாளொரு வழக்கமும் பொழுதொரு சடங்குமாகக் கையடக்கத் தொலைபேசியின் திரையிலிருந்து எமது வீடுகளுக்குள் வந்து இறங்கிக்கொண்டிருக்கும் காலம் இது. பிறந்தநாள் கேக்கை வெட்டி ஊட்டுவதற்குப் பதிலாக முகத்தில் அப்பிவிட்டுச் சிரிக்கின்றனர். முட்டையையும் மாவையும் தலையில் கொட்டி வாழ்த்துக் கூறுகின்றனர். திருமணத்துக்கு முன்னரே மணமக்கள் கடற்கரையிலும் வயல் வரம்பிலும் ஓடிப்பிடித்து விளையாடும் காட்சி படமாக்கப்பட்டு, மண்டபத்திலே பெரிய திரையில் மாமன் மாமிமாருக்குக் காட்டப்படுகின்றது. செயற்கைப் புகையின் நடுவே மணமகள் நடனமாடிக்கொண்டு வருகின்றாள். தலைக்கு மேலே ட்ரோன் கமரா வண்டுபோல் இரைகின்றது. தாலி கட்டும் வேளையில் பெற்றோருக்கும் பெரியோருக்கும் தெரிவது படப்பிடிப்பாளர்களின் முதுகு மட்டுமே. மரண வீட்டில் கூட, அழுகின்றவர்களின் முகத்துக்கு நேராகத் தொலைபேசியை நீட்டுகின்றவர்களைக் காண்கின்றோம்.

இவற்றைக் கண்டு முகஞ்சுளிக்காத முதியவர்கள் இல்லை எனலாம். "எங்கிருந்து வந்தது இந்தக் கூத்து?" என்பது தமிழர் வீட்டுத் திண்ணையிலும் முஸ்லிம்களின் வீட்டு விறாந்தையிலும் ஒரே தொனியில் கேட்கப்படும் வினாவாகிவிட்டது. ஆயினும், முணுமுணுப்பதோடு நின்றுவிட்டால் விடயம் விளங்காது. இவ்வழக்கங்கள் எவ்வாறு வருகின்றன, ஏன் இவ்வளவு விரைவாகப் பரவுகின்றன, அவற்றுக்கான விலையைச் செலுத்துபவர் யார் என்பவற்றைச் சற்று நிதானமாக நோக்குவது பயனுள்ளதாகும்.

முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிய வழக்கத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வது புதிய விடயமன்று. இன்று "எமது பாரம்பரியத் திருமணம்" என்று நாம் சொல்லிக்கொள்வதிலேயே வெளியிலிருந்து வந்து குடியேறியவை பல உண்டு. திருமண கேக் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தின் மிச்சம். மணமக்களைக் கதிரையில் இருத்திப் படமெடுக்கும் வழக்கம் ஸ்டூடியோக்களோடு வந்தது. 1979 ஆம் ஆண்டில் இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பமானது. அதன் பின்னர் வீடியோ கமராவும் கல்யாண வீடுகளுக்குள் நுழைந்தபோது, கண்ணைக் கூசவைக்கும் அந்த விளக்கு வெளிச்சத்தைச் சபித்த பெரியவர்கள் இருந்தனர். அவர்களே பின்னர் அந்தக் கசற்றை ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டி மகிழ்ந்தனர். ஆகவே, புதியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வழக்கத்தைத் தீயது என ஒதுக்கிவிட முடியாது.

விசித்திரமானது என்ற காரணமும் போதாது. மட்டக்களப்பு - கல்முனை பிரதான வீதியில், மேற்கே வாவியும் கிழக்கே வங்காள விரிகுடாவும் நெருங்கி நிற்க, இடையில் அமைந்துள்ள ஊர்களில் ஒன்று செட்டிபாளையம். மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூரின் கண்ணகி அம்மன் ஆலயம் இப்பிராந்தியத்தில் நன்கு அறியப்பட்டது. மட்டக்களப்பின் கண்ணகி ஆலயங்களில் வைகாசி மாதத்தில் சடங்கு நடைபெறும். கண்ணகி வழக்குரை பாடப்படும். கோபம் கொண்ட அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு அது நிறைவுறும். கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்தே வளர்ந்தது கொம்புமுறி. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் கோவலனுக்காகவும் மறு பக்கம் கண்ணகிக்காகவும் நிற்கும். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி, ஒன்று முறியும் வரை இரு தரப்பினரும் இழுப்பர். தோற்றவர்களைக் கேலி செய்து பாடுவர். மழை பொழியவும் கொடிய நோய்கள் அகலவும் வேண்டி ஆடப்பட்ட ஆட்டம் இது.

இதனை முன்பின் அறியாத ஒருவர் முப்பது வினாடிக் காட்சியாகப் பார்ப்பாரானால் என்ன நினைப்பார்? வளர்ந்த ஆண்கள் மரத்துண்டுகளைக் கட்டி இழுத்து ஆரவாரம் செய்யும் பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைப்பார். அதன் பொருள் அந்த ஊருக்குத் தெரியும். ஊருக்கு வெளியே அதற்குப் பொருளில்லை. எனவே, கேக்கை முகத்தில் பூசுவது கொம்பு முறிப்பதைவிட விசித்திரமானது என்று நாம் வாதிட முடியாது. வேறுபாடு விசித்திரத்தில் இல்லை. அது யாருக்காகச் செய்யப்படுகின்றது என்பதிலேயே உள்ளது.

ஊரறிய என்பதன் பொருள்

"ஊரறியத் தாலி கட்டினான்", "ஊரறியக் கைப்பிடித்தான்" என்று சொல்லும்போது நாம் ஆடம்பரத்தைக் குறிப்பதில்லை. சாட்சியத்தையே குறிக்கின்றோம். பதிவுத் திருமணம் பரவலாகாத காலத்தில், இன்னார் இன்னாருக்கு மனைவி, இந்த வீடும் வளவும் இன்ன பெண்ணுக்கு உரியவை என்பதற்கு அங்கு கூடியிருந்த சனமே சாட்சி. பின்னொரு நாளில் கணவன் கைவிட்டாலோ, வயற்காணியில் பிணக்கு எழுந்தாலோ, பந்தலில் இருந்து உண்டவர்கள் வாய் திறக்கக் கடமைப்பட்டவர்கள். இஸ்லாமியத் திருமண முறையிலும் இதே கருத்தைக் காணலாம். நிக்காஹ் சாட்சிகளின் முன்னிலையில் நடைபெற வேண்டும். அது மறைக்கப்படாமல் அறிவிக்கப்பட வேண்டும். வலிமா விருந்து அந்த அறிவிப்பின் ஓர் அங்கம். மஹர் மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் உரிமை. எல்லாமே பொறுப்பை நிலைநாட்டும் ஏற்பாடுகள்.

கிழக்கிலங்கையில் இந்த ஊரறியும் முறைக்கு இன்னுமொரு வலுவும் இருந்தது. இங்கு தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாக வரும் குடி முறையை உடையவர்கள். கோயில்களில் குடிகளுக்கு முறைகளும் உரிமைகளும் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிகளின் சார்பில் மரைக்காயர்மார் இடம்பெற்றனர். 1969 ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு மேற்கொண்ட அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008 இல் வெளியிட்ட நூலில் இரு சமூகங்களுக்கும் பொதுவான இவ்வமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார். திருமணத்தின் பின் மணமகன் மனைவியின் வீட்டுக்குச் செல்வதும், மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும் இரு சமூகத்தாருக்கும் பொதுவானவை. குரவை ஒலி கூட இரு சாராரின் கல்யாண வீடுகளிலும் கேட்ட ஒலிதான்.

அதாவது, ஊர் பார்த்தது. பார்த்த ஊரே சுமையிலும் பங்கு கொண்டது. பந்தல் போட வந்தவர், பலகாரம் சுட வந்தவர், வெற்றிலை வட்டாவை ஏந்தி வந்தவர் அனைவரும் விழாவின் பார்வையாளர்கள் மட்டுமல்லர், பங்காளிகளும் ஆவர். அந்த முறையில் குறைகள் இருந்தன. சாதியும் ஏற்றத்தாழ்வும் பெண்ணுக்குச் சீதனம் என்ற பெருஞ்சுமையும் அதனுள் இருந்தன. அவற்றை மறைத்துப் பழமையைப் புகழ்வது எமது நோக்கமன்று. எனினும், பார்ப்பவனுக்குப் பொறுப்பு உண்டு என்ற அடிப்படை அங்கு இருந்தது.

திரையின் ஊர் அத்தகையதன்று. அங்கே ஆயிரம் பேர் பார்ப்பர். விருப்பக்குறி இடுவர். அடுத்த காட்சிக்கு விரலை நகர்த்துவர். அவர்களில் எவரும் கடன்காரன் வந்து வாசலில் நிற்கும் நாளில் எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஊரறியச் செய்த விழாவை இன்று உலகறியச் செய்கின்றோம். சாட்சிகள் இருந்த இடத்தில் பார்வையாளர்கள் அமர்ந்துவிட்டனர். நவீன வழக்கங்களின் உள்ளே இருக்கும் மாற்றம் இதுவே.

வழக்கம் பிறக்கும் விதம்

இந்த மாற்றம் தற்செயலாக ஏற்படவில்லை. முகநூல் 2006 ஆம் ஆண்டில் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. 2009 இல் அதில் விருப்பக்குறி சேர்க்கப்பட்டது. 2010 இல் இன்ஸ்டகிராம் வந்தது. 2018 இல் டிக்டொக் இன்னொரு செயலியை இணைத்துக்கொண்டு உலகெங்கும் பரவியது. ஆரம்பத்தில் நமது நண்பரும் உறவினரும் இட்ட படங்களே எமது திரையில் தெரிந்தன. இப்போது எதனை முதலில் காட்டுவது என்பதைக் கணினி நிரல் தீர்மானிக்கின்றது. ஒரு காட்சியை நாம் எத்தனை வினாடிகள் பார்த்தோம், மீண்டும் பார்த்தோமா, எவருக்காவது அனுப்பினோமா, கருத்து எழுதினோமா என்பனவற்றைக் கொண்டு அது கணக்கிடுகின்றது. பார்த்துத் திகைப்பதும் பார்வைதான். கோபத்தோடு எழுதும் வசையும் அக்கணக்கில் ஆதரவுதான். முகநூலின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹோகன் 2021 இல் வெளிப்படுத்திய உள்ளக ஆவணங்கள், 2018 இல் அந்நிறுவனம் செய்த மாற்றம் கோபமூட்டும் பதிவுகள் அதிகம் பரவ வழிவகுத்ததை அதன் ஊழியர்களே சுட்டிக்காட்டியிருந்ததை உலகுக்குத் தெரிவித்தன.

இதன் விளைவு எளிதானது. சாதாரணமாக நடந்த ஆயிரம் திருமணங்கள் எவர் திரையிலும் தோன்றுவதில்லை. வெகு விசித்திரமாக நடந்த ஒன்று எல்லோர் திரையிலும் தோன்றுகின்றது. அதையே திரும்பத் திரும்பக் காணும் பிள்ளைக்கு, "எல்லோரும் இப்படித்தான் செய்கின்றார்கள்" என்ற எண்ணம் தோன்றிவிடுகின்றது. அபூர்வமானது வழமையாகவும், வழமையானது குறையாகவும் தெரியும் கண்ணாடி இது.

அடுத்த கட்டம் வியாபாரம். மண்டப அலங்காரம் செய்பவரும் ஒளிப்படக் கலைஞரும் அழகுக்கலை நிலையத்தினரும் அதே திரையைப் பார்க்கின்றனர். புதிய விடயத்தைத் தமது 'பக்கேஜில்' ஒன்றாகச் சேர்க்கின்றனர். ஒரு குடும்பம் அதனைச் செய்கின்றது. அதன் படம் ஊரார் திரைக்கு வருகின்றது. அடுத்த குடும்பம் செய்யாவிட்டால் கௌரவக் குறைவு என்றாகின்றது. ஒரு தலைமுறைக் காலத்தில் வேரூன்றிய வழக்கங்கள் இப்போது இரண்டு பருவங்களில் கட்டாயமாகிவிடுகின்றன. தொழில் செய்து பிழைக்கும் அவர்களை நாம் குறைகூறவில்லை. கேட்பவர் இருப்பதால் கொடுக்கின்றனர். கேட்கும் ஆசை எங்கிருந்து வருகின்றது என்பதே சிந்திக்கத்தக்கது.

பார்வையாளருக்காக நடத்தப்படும் விழா எதுவரை செல்லும் என்பதற்கு உதாரணங்கள் நிறைய உண்டு. 2017 செப்டெம்பரில் கண்டியில் நடைபெற்ற திருமணமொன்றில் மணமகள் உடுத்திருந்த சேலையின் நீளம் 3.2 கிலோமீற்றர். அதனைப் பிரதான வீதியோரம் தாங்கி நின்றவர்கள் ஏறத்தாழ 250 பாடசாலை மாணவர்கள். சாதனைக்காக நடத்தப்பட்ட அந்நிகழ்வு கடும் கண்டனத்துக்கு உள்ளாகியது. பாடசாலை நேரத்தில் பிள்ளைகளை இவ்வாறு பயன்படுத்தியமை குறித்துத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை விசாரணையில் இறங்கியது. 2020 நவம்பரில் கர்நாடகத்தின் தலக்காட்டில், திருமணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்காகக் காவிரியில் படகேறிய இளம் சோடி நீரில் மூழ்கி உயிரிழந்தது. அதே மாநிலத்தின் சித்ரதுர்க்கா மாவட்டத்தில், 2024 பெப்ரவரியில் அரசாங்க வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை அறையிலேயே இத்தகைய படப்பிடிப்பை நடத்திய வைத்தியர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்பதை விழா எடுத்து அறிவிக்கும் வழக்கத்தின் கதை இன்னும் பாடமானது. 2008 இல் அமெரிக்க வலைப்பதிவர் ஒருவர் கேக்கின் உள்நிறத்தைக் கொண்டு தமது குடும்பத்தாருக்கு இதனை அறிவித்தார். வீட்டுக்குள் நடந்த அந்தச் சிறு மகிழ்ச்சி இணையத்தால் உலக வழக்கமானது. பின்னர் கேக் போதாமல் வெடியும் வண்ணப் புகையும் தேவைப்பட்டன. 2020 செப்டெம்பரில் கலிபோர்னியாவில் அத்தகைய விழாவொன்றின் புகைக் கருவியால் மூண்ட காட்டுத்தீ 22,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை எரித்தது. தீயணைப்பு வீரர் ஒருவரும் அதில் உயிரிழந்தார். முதன்முதலில் அதைச் செய்த அந்தப் பெண்மணியே இவ்வழக்கம் குறித்துப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்திருந்தார்.

அவ்வழக்கம் தமிழகத்துக்கும் வந்தது. 2024 மே மாதத்தில் சென்னையின் பிரபல யூடியூபர் ஒருவர், டுபாயில் பரிசோதனை செய்து பிறக்கப்போகும் தமது குழந்தையின் பாலினத்தை விழாவில் வெளியிட்டுக் காணொளியாக்கினார். பெண் சிசுக்கள் கருவிலேயே அழிக்கப்பட்டமையால் 1994 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் பாலினம் கண்டறிவதைத் தடைசெய்த நாடு இந்தியா. தமிழக சுகாதாரத் துறை விளக்கம் கோரியது. காணொளி அகற்றப்பட்டது. ஒரு நாட்டில் வேடிக்கையாக உள்ள வழக்கம் இன்னொரு மண்ணில் ஆறாத காயத்தைக் கீறுவதாக அமையலாம். காட்சி கடல் கடந்து வரும்போது, அதன் சூழல் கூடவே வருவதில்லை.

விலை கொடுப்பவர்கள்

எமது பிரதேசத்துக்குத் திரும்புவோம். இங்கு விலை கொடுப்பவர்களில் முதலாமவர் கடன்படும் குடும்பத்தவர். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காகத் தகப்பன் வயலிலும் வாவியிலும் உழைத்துத் தேய்கின்றான். தாயோ சகோதரனோ மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்று வருடக்கணக்கில் வெயிலில் காய்கின்றனர். இச்சுமை மாறாமல் இருக்கும்போதே அதன் மேல் அலங்காரச் செலவு ஏறுகின்றது. வட, கிழக்கில் பெண்கள் நுண்கடன் பொறியில் சிக்கித் தவித்த அவலம் நாடறிந்தது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது அரிசியும் பாலும் வாங்க வழியின்றி நின்ற வீடுகள் எத்தனை என்பதை நாம் மறந்துவிடலாகாது. அக்கடன்கள் யாவும் விழாக்களுக்காகப் பெறப்பட்டவை என்று நாம் கூறவில்லை. நோயும் பயிரழிவும் கல்விச் செலவும் அவற்றின் பின்னால் இருந்தன. ஆனால், அத்தகைய விளிம்பில் வாழும் குடும்பத்துக்கு ஒரு நாள் ஆடம்பரம் எத்தனை வருட வட்டியாக முடியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாமவர் சிறுமி. பெண் பிள்ளை பருவமடைந்தால் தண்ணீர் வார்த்து, மாமன் மாமிமார் கூடி, குரவையிட்டு மகிழ்வது இங்குள்ள பழைய வழக்கம். முஸ்லிம் வீடுகளிலும் ஒரு காலத்தில் இது சிறிய அளவில் நடந்ததுண்டு. அது பெரும்பாலும் பெண்களின் விழாவாக, நான்கு சுவருக்குள் நடந்தது. இன்றோ பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மணமகள் போல் ஒப்பனை செய்து, பல சேலைகள் மாற்றி, சினிமாப் பாடலுக்கு நடிக்க வைத்து, அக்காட்சியைப் பகிரங்கமாக இணையத்தில் இடுகின்றனர். வீதியோரப் பதாகைகளிலும் அப்பிள்ளையின் படம் தொங்குகின்றது. அந்தப் பிள்ளையிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. கேட்டாலும் அதன் பொருளை அறியும் வயது அதற்கில்லை. வகுப்பறையில் அது எதிர்கொள்ளும் கேலியை நாம் காண்பதில்லை. அப்படத்தை யார் எடுத்து எவ்வாறு பயன்படுத்துவார்கள் என்பதும் நம் கையில் இல்லை. சாதாரண ஒளிப்படத்தைச் செயற்கை நுண்ணறிவினால் ஆபாசமாக மாற்றிவிடக் கூடிய காலத்தில் இது அற்ப விடயமன்று.

உலகம் இதில் விழித்துக்கொண்டு வருகின்றது. பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் பகிர்வதில் பிள்ளையின் உரிமையைக் காக்கும் சட்டத்தைப் பிரான்ஸ் 2024 பெப்ரவரியில் கொண்டு வந்தது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் அவுஸ்திரேலியச் சட்டம் 2025 டிசெம்பர் 10 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கருத்துச் சுதந்திரம் தொடர்பான பலத்த விமர்சனங்களின் மத்தியில் நிறைவேறியது. சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி முறையிடச் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் உண்டு. ஆயினும், பெற்றவரே படத்தைப் பதிவேற்றும்போது எந்தச் சட்டம் வந்து வாசலில் நிற்கப் போகின்றது?

மூன்றாமவர் அயலவர். தன் வீட்டு விழாவுக்கு நேராகக் கமராவைத் திருப்பப் பழகிய கை, பின்னர் எதிரில் நிற்பவனுக்கு நேராகவும் அதைத் திருப்புகின்றது. கண்டதையெல்லாம் படமாக்குவதும் வந்ததையெல்லாம் அனுப்புவதும் இக்காலத்தின் மிகக் கொடிய வழக்கம் என்போம். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டுள்ளதாகக் கூறிச் சிலர் தகராறு செய்தனர். சிங்களம் சரிவரத் தெரியாத அந்த மனிதர் சூழ்ந்து நின்றவர்களின் மிரட்டலில் தடுமாறித் தலையசைத்தமை படமாக்கப்பட்டுப் பரப்பப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அவ்வாறான மாத்திரை உலகில் இல்லையென மருத்துவர்கள் கூறினர். உணவில் இருந்தது மாக்கட்டியே என்று பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. அதற்குள் சில நாட்களில் கண்டி மாவட்டத்தில் பெரும் வன்முறை மூண்டு, மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அவ்வன்முறையில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகளுக்கு இரண்டு வருடங்கள் கழித்து வந்த மன்னிப்பு அது.

இதனைத் தமிழ், முஸ்லிம் வாசகர்கள் வேறெங்கோ நடந்ததாகக் கருதலாகாது. காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் இடையே ஒரே வீதியில் அடுத்தடுத்து வாழும் இரு சமூகங்கள் நாம். 1990 ஆம் ஆண்டின் காயங்களை இரு தரப்பிலும் நெஞ்சில் சுமப்பவர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனர். ஒரு விபத்தோ, காதல் விவகாரமோ, காணித் தகராறோ பொய்த் தலைப்போடு பகிரப்பட்டால் அது எங்கு சென்று முடியும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அனுப்பியவர் தம் வீட்டில் உறங்குவார். அடியேற்பவர் அவரது ஊர்ச் சந்தையில் மரக்கறி விற்றவராகவோ, அவருக்கு மீன் கொடுத்தவராகவோ இருப்பார்.

திரை செய்த நன்மை

இவ்வளவு கூறியபின் நன்மையைச் சொல்லாது விட்டால் அது நீதியாகாது. போரும் வறுமையும் எமது குடும்பங்களை லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் எனவும் டோஹா, ரியாத் எனவும் சிதறடித்துள்ளன. தங்கையின் கல்யாணத்துக்கு வர விடுமுறை கிடைக்காத அண்ணன், தாயின் இறுதி முகத்தைக் காண விமானச் சீட்டுக்கு வழியற்ற மகள், இவர்களுக்கு நேரடி ஒளிபரப்பு ஓர் அருட்கொடை. திரையின் மறுபுறம் அழுது நிற்பவர் பார்வையாளர் அல்லர், ஊரவரே. அவசரமாக இரத்தம் தேவைப்படும் நோயாளிக்காக நள்ளிரவில் வரும் செய்தியும், வெள்ளத்தில் சிக்கியவர் இருக்கும் இடத்தைச் சொல்லும் படமும் இதே திரையில்தான் வருகின்றன. 2014 இல் தலையில் பனிக்கட்டி நீர் ஊற்றும் வேடிக்கை உலகமெங்கும் பரவியபோது, அது நரம்பு நோயொன்றின் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகையைத் திரட்டியது. அதே ஆண்டில் ஹைதராபாத்தில் ஒரு பெண் அதனை ஏழைக்கு ஒரு வாளி அரிசி கொடுக்கும் சவாலாக மாற்றினார். விசித்திரமான வழக்கமும் பொறுப்போடு சேர்ந்தால் பயன்தரும் என்பதற்கு இவை சான்றாகும்.

ஆகவே, இளைஞரைத் திட்டுவதால் ஆவது ஒன்றுமில்லை. அவர்களுக்கு விழா வேண்டும். ஆட்டமும் சிரிப்பும் வேண்டும். கொம்பு இழுத்த பாட்டன்மார்களுக்கும் அவை வேண்டியிருந்தன. நாம் வேண்டுவது, புதிய வழக்கம் ஒன்று வீட்டுக்குள் வரும்போது வாசலில் வைத்து மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதே. இதனை எவர் பார்ப்பதற்காகச் செய்கின்றோம்? இதற்கான பணத்தை, கமரா போன பின்னர் எவர் செலுத்தப் போகின்றார்? இதில் படமாகும் பிள்ளையோ அயலவரோ பத்து வருடங்களின் பின் இதனைக் கண்டால் எமக்கு நன்றி சொல்வாரா? இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் இருக்குமானால், அவ்வழக்கம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வரட்டும்.

ஆலய பரிபாலன சபைகளுக்கும் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தடையும் தண்டமும் விதிப்பதால் வழக்கங்கள் மறைவதில்லை; மறைவிடம் தேடும். மாறாக, எளிமையாக விழா நடத்தும் வசதி படைத்த குடும்பத்தைப் பகிரங்கமாகப் பாராட்டலாம். ஊரில் செல்வாக்குள்ளவர் செலவைக் குறைத்தால், வசதியற்றவர் தலைகுனியாமல் அதனைப் பின்பற்ற முடியும். கொவிட் காலத்தில், 2020, 2021 ஆம் ஆண்டுகளில், விரல்விட்டு எண்ணக் கூடியவர்களோடு திருமணங்கள் நடந்தன. அத்தம்பதியினர் இன்று பிள்ளை குட்டிகளோடு நன்றாகவே வாழ்கின்றனர். பந்தல் சிறிதாக இருந்ததால் எந்தத் திருமணமும் குறைந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பாடசாலைகளும், ஒரு காணொளி எவ்வாறு தம்மை வந்தடைகின்றது, ஒரு செய்தியைப் பகிருமுன் எவ்வாறு சரிபார்ப்பது என்பவற்றை மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

ஊரறிதல் என்பது எமது முன்னோர் விட்டுச்சென்ற பெரும் பாதுகாப்பு. கைவிடப்பட்ட பெண்ணுக்காகப் பேசியது அது. வெள்ளத்திலும் சுனாமியிலும் சோறு கொண்டு ஓடியது அது. அதனை விற்று, முகந்தெரியாத ஆயிரம் பேரின் விருப்பக்குறியை வாங்குவது இலாபமான வியாபாரமன்று. எம்மை அறிந்த பத்துப் பேர் மனங்குளிர்ந்து வாழ்த்தினால், எம்மை அறியாத பத்தாயிரம் பேர் பார்க்காது போனால்தான் என்ன?